தவிட்டி நெஞ்சு முடியைப் பறித்த மார்கழி

அந்தக் காலத்தில் மேல்மலைக்குக் குளிர் என்றால் என்னவென்று தெரியாது. மழை வரும், காற்று வரும், மேகம் இறங்கி வந்து பூண்டுக் காட்டில் கொஞ்ச நேரம் உட்கார்ந்துவிட்டுப் போகும். அவ்வளவுதான். மார்கழியிலும் பிள்ளைகள் சட்டை இல்லாமல் திரிவார்கள். ஆடு, கோழி எல்லாம் மனிதரோடு மனிதராகப் பேசும். அதிலும் கோழி பேச ஆரம்பித்தால் நிறுத்தாது. முயலும் பேசும்தான். ஆனால் யாராவது கேட்டால்தான் பேசும். கேட்டாலும் பாதிதான் சொல்லும்.

அந்த மலையில் காமாயி என்று ஒரு பெண் இருந்தாள். கல்யாணமாகி வந்து ஒரு வருஷம் தாண்டியிருந்தது. கையில் மூன்று மாதக் குழந்தை. அவள் தாய் வீட்டிலிருந்து வரும்போது ஒரு பித்தளைக் குடம், இரண்டு சேலை, ஒரு கூடை கொண்டுவந்தாள். கூடைக்குள் ஒரு முயல்குட்டி. முதுகெல்லாம் தவிட்டு நிறம், நெஞ்சு மட்டும் பஞ்சு வெள்ளை. அதற்குத் தவிட்டி என்று பேர்.

புது வீட்டில் இரண்டும் ஒரே மாதிரி. ஆள் வந்தால் காமாயி கதவுக்குப் பின்னால் போய் நிற்பாள். தவிட்டி பெட்டிக்குள் போய்விடும். மாமியார் மாயக்காள் நல்ல மனுஷிதான், ஆனால் வாயைச் சும்மா வைத்திருக்க மாட்டாள்.

"எம் மகனுக்கு ஒரு வாயில்லாப் பூச்சியக் கட்டி வச்சாப் போதாதுன்னு, கூடையில இன்னொண்ணையும் அனுப்பி வச்சிருக்காக" என்பாள்.

தவிட்டிக்கு வீட்டுக்குப் பின்னால் இருந்த கொட்டகையில் ஒரு மரப்பெட்டி போட்டிருந்தது. குழந்தைக்குப் பால் கொடுக்க வேண்டுமென்றால் காமாயி அங்கேதான் வருவாள். பெட்டிக்குப் பக்கத்தில் ஒரு கோணிச் சாக்கை விரித்து உட்காருவாள். தவிட்டி வந்து அவள் காலுக்குப் பக்கத்தில் படுத்துக்கொள்ளும். இரண்டு பேரும் ஒன்றும் பேச மாட்டார்கள். அதுவே அவர்களுக்குப் பெரிய ஆறுதல்.

அந்த வருஷம் கார்த்திகை முடிகிற சமயம் மலை உச்சியிலிருந்து ஒருவன் இறங்கி வந்தான். நெடுநெடுவென்ற உயரம், மேலே வெள்ளைத் துப்பட்டி. அவன் கால் வைத்த இடத்துப் புல்லெல்லாம் நரைத்துப் போயிற்று. அவன்தான் பனிக்காரன். குளத்தங்கரைப் பாறை மேல் ஏறி நின்று எல்லாரையும் கூப்பிட்டான். மனிதர், ஆடு, கோழி எல்லாம் வந்தார்கள். தவிட்டியும் வந்தது. காமாயி குழந்தையோடு ஒரு மரத்துக்குப் பின்னால் நின்றாள்.

"இனிமே வருஷத்துக்கு ரெண்டு மாசம் நான் இங்கதான் தங்குவேன். மார்கழியும் தையும்" என்றான் பனிக்காரன். "சொல்லாமக் கொள்ளாம வந்து கழுத்தப் பிடிக்கிற ஆள் நான் இல்ல. அதனால எஞ் சட்டத்தச் சொல்லிப்புடுறேன். அடுப்பெரியுற வீட்டுக்குள்ள வரமாட்டேன். வெளியில, போர்வை இருக்கிற உசிரத் தொடமாட்டேன். போர்வை இல்லாமக் கிடக்கிறது எதுவானாலும் எனக்கு. இன்னொண்ணு, ஈரத்தப் போட்டு மூடுனா அது போர்வையில சேராது. ஈரம் எனக்குத் தங்கச்சி முறை. அவ இருக்கிற எடத்துக்கு நான் கதவத் தட்டாம வருவேன்."

செம்மறி தன் உடம்பைச் சிலிர்த்துக் காட்டியது. "எனக்கென்ன, ஆறு விரக்கடை கம்பளி!"

கோழி இரண்டு சிறகையும் அகல விரித்தது. "எம் பிள்ளைக பதினொண்ணையும் இதுக்குள்ள வச்சுக்கிருவேன். ஆமா, இந்தத் தவிட்டி என்ன பண்ணப் போறாளாம்? வயித்தப் பாருங்க, எண்ணி அஞ்சு நாள்ல பெத்துருவா. முசக்குட்டி பொறக்கையில உரிச்ச கிழங்கு மாதிரி இருக்கும். ஒத்த முடி இருக்காது. இவளுக்கு ரெக்கையும் இல்ல. குட்டி மேல உக்காரவும் மாட்டாளுக இந்தச் சாதி. பாலக் குடுத்துட்டு எட்டப் போயிருவாளுக. இதெல்லாம் ஒரு தாயா?"

எல்லாரும் சிரித்தார்கள்.

தவிட்டியிடம் பதில் இருந்தது. தாய் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தால் அந்த வாசம் நரிக்கு வழி காட்டிவிடும். அதனால்தான் முயல் எட்டப் போய் நிற்கிறது. பிள்ளை மேல் ஆசை இல்லாமல் இல்லை. ஆனால் இத்தனை பேர் பார்க்கும்போது சொல்ல வரவில்லை. காதை முதுகோடு மடக்கிக்கொண்டு வீட்டுக்குத் திரும்பிவிட்டது.

"ஆறாம் நாள் விடியக்காலையில வந்து பாக்குறேன் தாயி" என்று பனிக்காரன் பின்னாலிருந்து சொன்னான்.

மறுநாளே தவிட்டி வேலையை ஆரம்பித்தது. சரிவில் காய்ந்து கிடந்த புல்லை வாய் நிறையக் கவ்விக்கொண்டு வரும். பெட்டியில் வைக்கும். மறுபடியும் போகும். நான்கு நாள் இதே வேலை. "என்ன தவிட்டி, கூரை மேயப் போறியா?" என்று கோழி கேட்கும். தவிட்டி வாயைத் திறக்கவில்லை. திறந்தால் புல் விழுந்துவிடுமே. ஐந்தாம் நாள் மத்தியானத்துக்குள் பெட்டி நிறைந்தது. நடுவில் ஒரு குழி பறித்து, நன்றாக மிதித்து வைத்துவிட்டு மேயப் போயிற்று.

அப்போதுதான் காமாயி கொட்டகைக்கு வந்தாள். அவளுக்கு மனசு கேட்கவில்லை. தனக்குப் பிரசவம் ஆனபோது தன் அம்மா என்ன செய்தாள் என்று நினைத்துப் பார்த்தாள். அம்மா பழைய பாய், பழைய துணி எல்லாவற்றையும் வெளியே எடுத்துப் போட்டாள். அறை முழுக்கச் சாணம் கரைத்து மெழுகினாள். பிள்ளை பெறப் போகிறவளுக்கு அதைவிடப் பெரிய மரியாதை கிடையாது. தவிட்டிக்கு அதைச் செய்ய இங்கே யார் இருக்கிறார்கள்? நான்தானே இருக்கிறேன் என்று நினைத்தாள். அந்த ஆசையில் பனிக்காரன் ஈரத்தைப் பற்றிச் சொன்னது மறந்தே போயிற்று.

செய்யட்டுமா என்று தவிட்டியிடம் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். கேட்க வெட்கம்.

பெட்டியில் இருந்த காய்ந்த புல்லைக் குப்பை என்று நினைத்து அள்ளினாள். அதைக் கொண்டுபோய் அடுப்பில் வைத்தாள். வெந்நீர் கொதித்தது. பெட்டிக்குள்ளும் கொட்டகைத் தரையிலும் வழவழவென்று சாணம் மெழுகினாள். வாசலில் சின்னதாக ஒரு கோலம் போட்டாள். ஓடையோரம் போய்ப் பச்சைப் புல்லாகப் பார்த்து அறுத்து வந்து பெட்டி நிறையப் பரப்பினாள். மற்ற நாளாக இருந்தால் வெயிலில் ஒரு நாழிகையில் மெழுகின இடம் காய்ந்திருக்கும். அன்றைக்கு வெயில் வரவே இல்லை.

பொழுது சாயும்போது தவிட்டி திரும்பி வந்தது. பெட்டிக்குள் ஒரு காலை வைத்தது. சில்லென்றது. மூக்கால் புல்லைத் தொட்டது. ஈரம் சொட்டியது. நான்கு நாள் சேர்த்த புல்லைத் தேடியது. அடுக்களைப் புகையில் அதன் வாசம் வந்தது.

நிமிர்ந்து காமாயியைப் பார்த்தது. அந்த வீட்டுக்கு வந்த நாளிலிருந்து காமாயி முகத்தில் அப்படி ஒரு சந்தோஷத்தைத் தவிட்டி பார்த்ததில்லை. கையெல்லாம் சாணம், நெற்றியெல்லாம் வேர்வை.

"பிடிச்சிருக்கா கண்ணு?" என்று காமாயி மெதுவாகக் கேட்டாள்.

சொல்லியிருக்கலாம். சொல்ல வெட்கம்.

"நல்லா இருக்குக்கா" என்றது தவிட்டி.

காமாயி குழந்தையைத் தூக்கிக்கொண்டு உள்ளே போய்க் கதவைச் சாத்தினாள்.

இருட்டியதும் வானம் பளிச்சென்று தெளிந்தது. ஒரு மேகம் இல்லை. குளிர் இறங்க ஆரம்பித்தது. தவிட்டி கனத்த வயிற்றோடு சரிவுக்கு ஓடியது. எந்தப் புல்லைத் தொட்டாலும் பனித்துளி. ஒரு பிடி காய்ந்த புல் மலையில் இல்லை. செம்மறியிடம் போயிற்று.

"அக்கா, ஒரு வாய் கம்பளி குடுங்க. பிள்ளைக வரப் போகுது."

"குடுக்கலாம்தான்" என்று செம்மறி யோசித்தது. "குடுத்தா எனக்கு அந்த எடத்துல ஓட்டை விழுந்துருமே. அந்த ஓட்டை வழியா அவன் வந்துட்டான்னா?"

கோழியிடம் போயிற்று. கோழி கூடைக்குள்ளிருந்து கழுத்தை மட்டும் நீட்டியது.

"எங்கிட்டப் பதினொண்ணு கெடக்கு. எடம் ஏது? ஏண்டி, ஊர்ல போயிக் கம்பளி கேக்குறியே, ஒங்கிட்ட இல்லாத முடியா? அதான் நெஞ்சு நெறையாப் பஞ்சு வச்சிருக்கியே! ஆனா என்ன பிரயோசனம், அது உம் மேலல்ல ஒட்டிக்கிட்டிருக்கு!" என்று கெக்கெக்கென்று சிரித்தது.

தவிட்டி குனிந்து தன் நெஞ்சைப் பார்த்தது. பிறகு திரும்பி நடந்தது.

கொட்டகையில் பச்சைப் புல்லைக் காலால் ஓரமாகத் தள்ளியது. காமாயி உட்காருகிற கோணிச் சாக்கு மூலையில் சுருட்டி வைத்திருந்தது. அதைத் தொட்டுப் பார்த்தது. காய்ந்திருந்தது. பல்லால் இழுத்துக்கொண்டு வந்து ஈரத்தின் மேல் நான்கு மடிப்பாகப் போட்டது. பிறகு தலையைக் குனிந்து, தன் நெஞ்சில் வாயை வைத்து, ஒரு கொத்து முடியைக் கவ்வி இழுத்தது.

வலி என்றால் அப்படி ஒரு வலி. கண்ணில் நீர் வந்துவிட்டது. பிடுங்கியதைச் சாக்கின் மேல் வைத்துப் பார்த்தது. ஒரு குட்டியின் காலுக்குக்கூடக் காணாது. மறுபடி குனிந்தது. இன்னொரு வாய். அதற்கு மேல் இன்னொரு வாய். நெஞ்சு முடிந்து வயிறு, வயிறு முடிந்து விலா. பால் காம்பெல்லாம் வெளியே தெரிகிற வரைக்கும் பறித்தது. ஒரு சத்தம் போடவில்லை.

விடிந்தது. காமாயி கதவைத் திறந்தாள். மலையே வெள்ளையாக இருந்தது. குளத்தின் மேல் பால் ஆடை மாதிரி பனி கட்டியிருந்தது. பனிக்காரன் சொன்னபடி வந்து கொட்டகை வாசலில் நின்றுகொண்டிருந்தான். வேடிக்கை பார்க்க ஊரார் வந்திருந்தார்கள், செம்மறி வந்திருந்தது, குஞ்சுகளோடு கோழி வந்திருந்தது. மாயக்காள் துப்பட்டியைப் போர்த்திக்கொண்டு வந்தாள்.

காமாயி ஓடினாள். அவள் மெழுகிய தரை கண்ணாடி மாதிரி உறைந்திருந்தது. அவள் பரப்பிய பச்சைப் புல் குச்சி குச்சியாக விறைத்து நின்றது. கால் வைத்ததும் நொறுங்கியது. அவளுக்குப் புரிந்துவிட்டது.

"ஐயோ, நாந்தான் கெடுத்தேன்! நானே கொன்னுட்டேனே!" என்று கதறினாள். காமாயிக்கு இவ்வளவு பெரிய குரல் இருப்பது அன்றைக்குத்தான் மலைக்குத் தெரிந்தது.

"நான் அன்னைக்கே சொன்னேன்ல" என்றது கோழி.

தவிட்டி கொட்டகையின் கடைசி மூலையில், எல்லாருக்கும் முதுகைக் காட்டிக்கொண்டு சுருண்டு கிடந்தது.

பனிக்காரன் பெட்டிக்குள் எட்டிப் பார்த்தான். நடுவில் வெள்ளையாக ஒரு குவியல். "எந் தங்கச்சி வந்திருக்கா, நானும் ஏற்கெனவே வந்துட்டுப் போயிட்டேன் போல" என்று சொல்லி, தன் பனிதான் என்று நினைத்து அந்தக் குவியலுக்குள் விரலை விட்டான்.

"ஆத்தாடி! சுடுதே!"

விரலை உதறிக்கொண்டு பின்னால் குதித்தான். விரல் நுனியிலிருந்து சொட்டுச் சொட்டாகத் தண்ணீர் வடிந்தது. குவியல் அசைந்தது. மேலே எழும்பிற்று, கீழே இறங்கிற்று. முடிக்குள்ளிருந்து சிவப்பாக ஒரு மூக்கு வெளியே வந்து ஆடியது.

மாயக்காள் குனிந்து மெதுவாக விலக்கிப் பார்த்தாள். "ஏழு! ஏழும் கொழுகொழுன்னு கெடக்கு! சுடச்சுடக் கெடக்கு!"

"யார் கம்பளி இது? செம்மறி, ஒன்னுதா?" என்று பனிக்காரன் கேட்டான்.

செம்மறி தரையைப் பார்த்தது. "கேட்டா. நான் குடுக்கல."

"கோழி?"

கோழி அவசர அவசரமாகத் தன் குஞ்சுகளை எண்ண ஆரம்பித்தது.

அப்போது மூலையிலிருந்து தவிட்டி எழுந்து வந்தது. எல்லாருக்கும் நடுவில் வந்து பின்னங்காலை ஊன்றி நிமிர்ந்து நின்றது. கழுத்திலிருந்து அடிவயிறு வரை ஒரு முடி இல்லை. தோல் சிவந்து கிடந்தது. எப்போதும் குனிந்தே இருக்கும் முயல் அது. அன்றைக்கு அது நின்ற மாதிரி, நகை போட்டுக்கொண்டு கோயிலுக்குப் போகிறவள்கூட நின்றிருக்க மாட்டாள்.

"என் போர்வைதான் ஐயா" என்றது. "நான் போத்தியிருந்தத எம் பிள்ளைகளுக்குப் போத்திட்டேன். அதுகளத் தொட உங்க சட்டத்துல எடம் இல்ல. இப்ப நாந்தான் போர்வையில்லாம நிக்கிறேன். பாலக் குடுத்துட்டேன். எடுக்கிறதுன்னா என்னைய எடுத்துக்கங்க."

யாரும் சிரிக்கவில்லை. பனிக்காரன் முகம் வாடியது. ஆனால் சட்டம் அவன் சொன்னதுதானே. துப்பட்டியைச் சரிசெய்துகொண்டு ஒரு அடி எடுத்து வைத்தான்.

காமாயி குறுக்கே வந்தாள். கதவுக்குப் பின்னால் நிற்கிற காமாயி. மாமியார் நிற்கிறாள், ஊர் நிற்கிறது, பனிக்காரன் நிற்கிறான், எதையும் அவள் பார்க்கவில்லை. தவிட்டியைத் தூக்கி நெஞ்சோடு சேர்த்து முந்தானையால் சுற்றினாள்.

"அவளுக்கும் போர்வை இருக்கு" என்றாள். "பிள்ளைகளுக்கு அவ இருக்கா. அவளுக்கு நான் இருக்கேன். உங்களுக்கு இங்க ஒண்ணும் இல்ல, கெளம்புங்க."

பனிக்காரன் அந்த இரண்டு பேரையும் பார்த்தான். பிறகு அந்த நெட்டை உடம்பை வளைத்துத் தலையைத் தாழ்த்தினான்.

"எத்தனையோ மலையப் பாத்துட்டேன். ஈரத்த வச்சுக்கிட்டு என்னைய செயிச்சவ நீ ஒருத்திதான் தாயி" என்று தவிட்டியிடம் சொன்னான். "நேத்து நீ வலியோட பறிச்ச. அந்த வலி ஒன்னோட போகட்டும். இனிமே உன் வம்சத்துல பிள்ளை பெறுற நேரம் வந்தா, நெஞ்சு முடி தானா இளகி வாயோட வந்துரும். பறிச்ச எடத்துல மறுபடியும் முளைச்சுக்கிரும்."

சொல்லிவிட்டு விரலைச் சூப்பிக்கொண்டே மேட்டில் ஏறிப் போனான்.

காமாயி தவிட்டியின் காதில் சொன்னாள். "கேட்டிருக்கணும் கண்ணு. கேக்க வெக்கமா இருந்துச்சு."

"சொல்லியிருக்கணும்க்கா. எனக்குஞ் சொல்ல வெக்கமா இருந்துச்சு."

இரண்டு பேரும் அழுதுகொண்டே சிரித்தார்கள்.

"இப்பச் சொல்லு. என்னென்ன வேணும்?" என்று காமாயி கேட்டாள்.

தவிட்டி சொன்னது. பாதியோடு நிறுத்தவில்லை, முழுக்கச் சொன்னது. "தரை காஞ்சு கெடந்தாப் போதும்க்கா, குளிர நான் பாத்துக்கிருவேன். ஈரந்தான் என்னையக் கொல்லும். நனைஞ்ச புல்ல அன்னன்னைக்கே எடுத்துப்புடுங்க. காத்து வர்ற பக்கம் சாக்கக் கட்டுங்க, ஆனா நாலு பக்கமும் மூடிராதீங்க, எங்க மூச்சே உள்ள வேர்த்து ஈரமாயிரும். அடுப்போரம் கொண்டுபோயிப் பாசமா வச்சுராதீங்க, புகை எங்களுக்கு ஆகாது. தழைய வெயில் வந்து பனி வடிஞ்சப்புறம் அறுத்துட்டு வாங்க. காலையில தண்ணி கட்டியாப் போயிருக்கும், அதக் கொட்டிட்டு வெதுவெதுன்னு வையுங்க. குளிர்காலத்துல ஒரு பிடி காஞ்ச புல்லு கூடப் போடுங்க, அதத் தின்னாத்தான் உடம்புல சூடு நிக்கும். அப்புறம், பிள்ளைகள நிமிஷத்துக்கு ஒரு தரம் முடிய விலக்கிப் பாக்காதீங்க."

கடைசியாகச் சொன்னது மாயக்காளைப் பார்த்து. அவள் கை அப்போதும் பெட்டிக்குள்தான் இருந்தது. வெடுக்கென்று எடுத்துக்கொண்டாள்.

"அடியாத்தே! வாயில்லாததுன்னு நெனச்சேன், இவ்வளவு பேச்சா வச்சிருந்த!" என்றாள். சொல்லிவிட்டு அவளே உள்ளே போய் நல்ல சாக்காகப் பார்த்து எடுத்து வந்து, காற்று வரும் பக்கம் கட்டினாள். காமாயி பரணிலிருந்து காய்ந்த வைக்கோலை இறக்கினாள். செம்மறி கூப்பிடாமலே வந்து, வேலியில் தன் கம்பளியை உரசி ஒரு கொத்து விட்டுவிட்டுப் போயிற்று. கோழி மட்டும் ரொம்ப நேரம் கழித்து வந்து, "ஏழுமா பொழைச்சிருச்சு?" என்று கேட்டது. "ஏழும்தான்" என்றது தவிட்டி. சொல்லிவிட்டு நெஞ்சைக் கொஞ்சம் நிமிர்த்திக் காட்டியது.

அன்று முதல்தான், குட்டி போடும் நேரம் வந்தால் முயல் தன் நெஞ்சு முடியைத் தானே பறித்துக் கூடு கட்டுகிறது. அன்று முதல்தான், மார்கழி பிறந்தால் மேல்மலைப் பெண்கள் வீடு வாசல் எல்லாம் மெழுகினாலும் முயல் இருக்கிற இடத்தில் மட்டும் ஒரு சொட்டு ஈரம் படவிடாமல், தங்கள் அடுப்பை மூட்டுவதற்கு முன்னால் ஒரு பிடி காய்ந்த புல்லை அங்கே வைத்துவிட்டு வருகிறார்கள். முடி இல்லாத நெஞ்சோடு ஒரு முயல் எதிரே வந்து நின்றால் அங்கே யாரும் சிரிப்பதில்லை. ஒதுங்கி நின்று வழி விடுகிறார்கள்.